அனுபவக் கல்வியா? அத்தாட்சிக் கல்வியா?

நம் நாட்டுக் கலாசாலைகளில் இப்பொழுது ஒரு புதிய மந்திரம் ஓதப்பட்டு வருகின்றது. "அனுபவக் கல்வி" என்பது அம்மந்திரம். இண்டர்ன்ஷிப் என்றும், தொழிற்பயிற்சி என்றும், செய்து கற்றல் என்றும் அதற்குப் பல நாமாவளிகள் உண்டு. கலாசாலை வாசலில் கட்டியிருக்கும் தட்டியில் அது இருக்கின்றது. சேர்க்கைக் காலத்தில் பத்திரிகைகளில் வரும் முழுப்பக்க விளம்பரத்தில் அது இருக்கின்றது. பட்டமளிப்பு விழாவிற்குப் பேச வரும் கனவான்கள் வாயில் அது இருக்கின்றது. எங்கே இல்லை என்று கேட்டால், பிள்ளைகளின் கையில் மாத்திரம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கின்றது.

இப்படிச் சொல்லுவதால் அனுபவக் கல்வியே கூடாது என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிட வேண்டியதில்லை. அப்படிச் சொல்ல நமக்கு யோக்கியதையும் கிடையாது. ஏனெனில் இதை எழுதுகிறவன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினைந்தாம் வயதில் லேத் பட்டறையில் எடுபிடியாய்ச் சேர்ந்தவன். படித்ததெல்லாம் பகலில் பட்டறையிலும் மாலையில் பொது நூலகத்திலும்தான். ஆகவே நமது கேள்வி அது வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. அது உண்மையில் நடக்கின்றதா? நடந்தால் யாருக்கு நடக்கின்றது? அதன் செலவை யார் தாங்குகின்றார்கள்? லாபத்தை யார் அடைகின்றார்கள்? என்பவைகளே நமது கேள்விகளாகும்.

நடந்த சங்கதி

என் தமக்கை மகள் ஒரு தனியார் இன்ஜினீயரிங் கலாசாலையில் எலக்ட்ரிகல் பிரிவில் படித்தாள். மூன்றாம் வருஷ விடுமுறையில் ஒரு மாதம் இண்டர்ன்ஷிப் செய்து அத்தாட்சி கொண்டுவர வேண்டும் என்று கலாசாலையில் உத்தரவு போட்டார்கள். எங்கே போவது, யார் சேர்த்துக்கொள்வார்கள், போகிற இடத்தில் என்ன கற்க வேண்டும் என்பவைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் உத்தரவு வந்த மறுநாளே வகுப்புப் பிள்ளைகளின் கைப்பேசிகளுக்கு ஒரு செய்தி வந்துவிட்டது. 1,500 ரூபாய் கட்டினால் போதும், நேரில் வரவேண்டியதில்லை, அத்தாட்சியும் நாற்பது பக்க அறிக்கையும் வீடு தேடி வரும் என்பது அச்செய்தி. வகுப்பில் பெரும்பாலோர் கட்டினார்கள். வந்த அறிக்கைகளில் முதல் பக்கத்துப் பெயரைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றேயாம். கோவிலில் சீட்டு வாங்கினால் எல்லோருக்கும் ஒரே பொட்டலத்தில் விபூதி கிடைப்பதுபோல் இங்கும் கிடைத்தது.

அவளுக்கு அதில் மனம் செல்லவில்லை. "மாமா, நிஜமாகவே வேலை கற்றுக்கொடுக்கிற இடம் ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இடம் எங்கள் ஊர்ச் சந்தைப்பேட்டை ஓரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றுதான். கடைக்காரர் அதிகம் படிக்காதவர். முப்பது வருஷமாய்க் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். "பொம்பளைப் பிள்ளையா?" என்று முதலில் தயங்கினார். பிறகு, "வரட்டும், ஆனால் வேடிக்கை பார்க்க வரவேண்டாம், வேலை செய்ய வரட்டும்" என்றார்.

முதல் நாளே எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் கழற்றினார்கள். "பாப்பா, இதைப் பார். மூணு பேஸ் காயிலிலே ரெண்டு கரிஞ்சிருக்கு, ஒண்ணு புதுசாட்டம் இருக்கு. லைனிலே ஒரு பேஸ் போனதைப் பார்க்காமல் ஓட்டியிருக்கான்" என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார் கடைக்காரர். அவள் திகைத்துப்போனாளாம். இந்தச் சங்கதிக்குப் புத்தகத்தில் "சிங்கிள் பேஸிங்" என்று பெயர். அதைப்பற்றிப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க்கு வாங்கியவள் அவள். ஆனால் அது எப்படி இருக்கும், எப்படி நாறும் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

அதோடு நிற்கவில்லை. சில நாள் கழித்து இன்னொரு மோட்டார் வந்தது. அதில் ஒரு பேஸின் காயில் மாத்திரம் கரிந்து மற்ற இரண்டும் நன்றாயிருந்தன. "இதுவும் பேஸ் போனதுதான். ஆனால் சிலதிலே ரெண்டு கரியும், சிலதிலே ஒண்ணு கரியும். ஏன்னு எனக்குத் தெரியாது" என்றார் கடைக்காரர். அவள் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். ஸ்டார் இணைப்பில் ஒரு லைன் போனால் மிஞ்சிய இரண்டு காயில்களும் ஒன்றன்பின் ஒன்றாய் இருந்து முழுச் சுமையையும் தாங்குகின்றன, மூன்றாவதில் கரண்டே ஓடுவதில்லை. ஆகவே இரண்டு கரிகின்றன. டெல்டா இணைப்பில் ஒரு லைன் போனால் ஒரு காயிலின்மேல் முழு வோல்டேஜும் விழுகின்றது, மற்ற இரண்டும் அதைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஆகவே ஒன்று கரிகின்றது. முப்பது வருஷமாய்க் கண்ணால் கண்டதற்குக் காரணத்தை அவர் அன்று தெரிந்துகொண்டார். மூன்று வருஷமாய்க் காரணத்தை மாத்திரம் நெட்டுருப் போட்டவள் காரியத்தைக் கண்டாள். தோழர்களே! அனுபவக் கல்வி என்று ஒன்று உலகத்தில் உண்டானால் அது இதுதான்.

மாதம் முடிந்தபோது நாளொன்றுக்கு 200 ரூபாய் கணக்கிட்டுக் கூலியும் கொடுத்தார். "வேலை செய்த பிள்ளைக்குக் கூலி இல்லை என்றால் யாருக்கய்யா மனசு கேட்கும்?" என்பது அவர் நியாயம். பிறகு, இன்ன இன்ன வேலை செய்தாள், சுற்று எண்ணினாள், காயில் இறக்கினாள், மெகர் வைத்துச் சோதித்தாள் என்று தமது பில் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

கலாசாலையில் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். "இது என்ன துண்டுச் சீட்டு? கம்பெனி லெட்டர்ஹெட்டில் சீல் வைத்துக் கொண்டுவா" என்பது உத்தரவு. நான் நேரில் போய்க் கேட்டேன். துறைத் தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் சொல்லுவது நியாயந்தான் சார். ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்கள் பைலில் இருக்கும் காகிதத்தைப் பார்ப்பார்களா, அந்தப் பெண்ணின் கையைப் பார்ப்பார்களா?" என்றார். "1,500 ரூபாய்க்கு வாங்கிய காகிதங்கள் பைலில் இருக்கின்றனவே, அவைகள் எப்படிச் செல்லும்?" என்றேன். "அவைகளில் சீல் இருக்கின்றதே!" என்றார்.

முடிவு என்னவென்றால், அவளும் 1,500 ரூபாய் கட்டி ஒரு அத்தாட்சி வாங்கிக் கொடுத்தாள். கட்டிய பணம், கடைக்காரர் கொடுத்த கூலியிலிருந்து எடுத்த பணம். மெய்யாகச் செய்த வேலையின் கூலியைக் கொண்டு, செய்யாத வேலைக்கு அத்தாட்சி வாங்கும்படி ஒரு பெண்ணைப் பழக்கிவிட்டதுதான் அந்த வருஷத்தில் அக்கலாசாலை அவளுக்குக் கொடுத்த அனுபவக் கல்வியாகும். கலாசாலையின் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவைகளெல்லாம் யோக்கியமானவை என்று ஆகிவிடும்.

வியாதியின் மூலம்

இந்த வியாதி நேற்று வந்ததல்ல. படிக்கிறவன் தொடமாட்டான், தொடுகிறவன் படிக்கக்கூடாது என்று இரண்டு கூட்டமாய் ஜனங்களைப் பிரித்துவைத்த நாட்டில் இது வராமல் வேறு எது வரும்? தச்சனுக்கும், கொல்லனுக்கும், தோல் பதனிடுகிறவனுக்கும், உழுகிறவனுக்கும் தெரிந்ததெல்லாம் "தொழில்" என்று கீழே தள்ளப்பட்டது. தொடாமல் மனப்பாடம் செய்தது மாத்திரம் "வித்தை" என்று மேலே வைக்கப்பட்டது. கையால் செய்கிறவனுக்கு ஏன் என்று கேட்க உரிமையில்லை. ஏன் என்று தெரிந்ததாய்ச் சொல்லிக்கொள்கிறவனுக்குச் செய்து பார்க்க அவசியமில்லை. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காத இடத்தில் விஞ்ஞானம் எப்படி வளரும்?

கல்கத்தாவில் 1835-ல் மருத்துவக் கலாசாலை ஏற்பட்டது. மறு வருஷம், 1836-ல், மதுசூதன் குப்தா என்பவர் மனிதப் பிணத்தை அறுத்துப் பார்த்தார். பிணத்தைத் தொடுவது தீட்டு என்று ஊர் முழுதும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உடம்பிற்குள் என்ன இருக்கின்றது என்பதை அறியாமலே உடம்பிற்கு வைத்தியம் செய்யலாம் என்று நம்பியவர்களுக்கு, கத்தியைத் தொட்டவர் பாவியாய்த் தெரிந்தார். இன்று மருத்துவம் படிக்கும் பிள்ளை எவரும் பிணத்தைத் தொடாமல் முதல் வருஷத்தைத் தாண்ட முடியாது. பரீட்சைகளெல்லாம் தேறிய பிறகும் பன்னிரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாய் இருந்து வேலை செய்யாமல் டாக்டர் என்று பதிவு செய்துகொள்ள முடியாது. நோயாளியையே பார்க்காத டாக்டரிடம் நம் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுவோமா? மாட்டோம். ஆனால் மோட்டாரைத் தொடாத எலக்ட்ரிகல் இன்ஜினீயரையும், கணக்குப் புத்தகத்தைப் புரட்டாத பி.காம். பட்டதாரியையும் மாத்திரம் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்துகொண்டு, இவர்களுக்கு வேலை கிடைக்கவில்லையே என்று ஆச்சரியப்படுகின்றோம்.

சென்னையில் நடந்த கதையும் அதுவே. 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்னும் வெள்ளைக்காரர் எட்டுப் பையன்களை வைத்துக்கொண்டு சர்வே பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கினார். கம்பெனி சர்க்காருக்கு நிலம் அளக்க ஆட்கள் வேண்டியிருந்தது. அப்பள்ளிக்கூடம் வளர்ந்துதான் கிண்டி இன்ஜினீயரிங் கலாசாலையாயிற்று. ஆகவே இந்நாட்டில் இன்ஜினீயரிங் படிப்பு பிறந்ததே வேலைக்கு ஆள் பழக்குவதற்காகத்தான். காகிதம் கொடுப்பதற்காக அல்ல. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் சர்வகலாசாலைகள் ஏற்பட்டன. அவை லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்துச் செய்தவை. முதலில் அவைகள் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கே ஏற்படவில்லை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பதற்கே ஏற்பட்டன. உத்தியோகத்திற்குப் பட்டம், பட்டத்திற்குப் பரீட்சை, பரீட்சைக்கு நெட்டுரு என்கின்ற சங்கிலி அதனால் பலப்பட்டது. வேதத்தை நெட்டுருப் போட்டுப் பழகிய நாட்டிற்கு இது மிகவும் சௌகரியமாய்ப் போய்விட்டது. இன்று அதே சங்கிலியில் இண்டர்ன்ஷிப் என்பதும் இன்னொரு காகிதமாய்க் கோக்கப்பட்டிருக்கின்றது.

மற்ற இடங்களில் எப்படி?

அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 1906-ல் ஒரு ஏற்பாடு செய்தார். இன்ஜினீயரிங் மாணவர் 27 பேரை எடுத்து, கொஞ்ச காலம் வகுப்பிலும் கொஞ்ச காலம் தொழிற்சாலையிலுமாக மாற்றி மாற்றி வைத்தார். முக்கியமான விஷயம் என்னவென்றால், தொழிற்சாலையில் இருந்த காலத்திற்கு அவர்களுக்குச் சம்பளம் உண்டு. அதாவது மாணவன் அங்கே விருந்தாளியும் அல்ல, வேடிக்கை பார்க்க வந்தவனும் அல்ல, வேலையாள். வேலையாள் என்றால் அவனிடம் வேலையை ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்தால் தப்பு நேரும். தப்பு நேர்ந்தால் திருத்திக் கற்பான்.

ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பர்க் ராஜ்யத்தில் 1974-ல் இதே மாதிரியான உயர்கல்வி நிலையங்கள் தொடங்கி, 2009-ல் அவை சர்வகலாசாலை அந்தஸ்து பெற்றன. அங்கே மாணவன் முதலில் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் வேலை. படிக்கும் காலம் முழுவதும் கம்பெனி சம்பளம் கொடுக்கின்றது. நம் நாட்டிலும் பிலானி கலாசாலையில் 1973-ல் மாணவர்களைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, கூடவே ஆசிரியரையும் அனுப்பும் ஏற்பாடு தொடங்கிற்று. ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களின் சங்கதி தமிழ்நாட்டார் அறிந்ததே. 1893-ல் பிறந்து, பள்ளிப் படிப்பை வெறுத்து, ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, பணம் சேர்த்து அதை வாங்கி, கழற்றி மாட்டித் தொழில் கற்றவர் அவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார். 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கலாசாலை ஏற்படக் காரணமாயிருந்தார். இன்ஜினீயரிங்குக்கு நாலு வருஷம் என்பது காலவிரயம், இரண்டு வருஷத்தில் கற்பித்துவிடலாம் என்று வாதாடினார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை, விலகிக்கொண்டார். இரண்டு வருஷம் போதுமா என்பதில் நமக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த நாலு வருஷத்தில் என்ன நடக்கின்றது என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

யாருக்கு நடக்கின்றது?

இனி, காகிதத்தோடு நிற்காமல் மெய்யாகவே நடக்கின்ற இண்டர்ன்ஷிப்பின் யோக்கியதையைக் கவனிப்போம். பெரிய கம்பெனியிலும், பெரிய வக்கீலிடமும், பத்திரிகை ஆபீசிலும் இடம் யாருக்குக் கிடைக்கின்றது? தகப்பனார் பெயரைச் சொன்னால் போன் எடுக்கின்ற ஆள் உள்ள பிள்ளைக்குக் கிடைக்கின்றது. கிடைத்த பிறகு அங்கே யார் இருக்க முடிகின்றது? சம்பளம் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் பட்டணத்தில் அறை வாடகையும், சாப்பாட்டுச் செலவும், பஸ் சார்ஜும் கொடுக்கச் சக்தியுள்ள வீட்டுப் பிள்ளை இருக்க முடிகின்றது. தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றுகிற தாயின் மகளுக்கு "சென்னையில் இலவசமாகப் பழகலாம், வா" என்று சொல்லுவது, பசித்தவனிடம் "ஓட்டலில் உட்கார இடம் இலவசம்" என்று சொல்லுவதுபோலத்தான். வக்கீல் படிப்பில் மூன்று வருஷப் படிப்புக்குப் பன்னிரண்டு வாரமும், ஐந்து வருஷப் படிப்புக்கு இருபது வாரமும் இண்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும் என்று பார் கவுன்சில் 2008-ல் விதித்தது. அந்த இருபது வாரமும் சாப்பாட்டிற்கு வழி என்ன என்பது விதியில் இல்லை.

பணமுள்ளவனுக்கு இருந்த சலுகை முன்பு பிறப்பினால் வந்தது. இன்று அதே சலுகை "அனுபவம்" என்ற பெயரில் பயோடேட்டாவில் ஒரு வரியாக வருகின்றது. வேலைக்குப் போகிற இடத்தில், "உனக்கு அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் தகுதியில்லாதவன்! அந்தத் தகுதியை வாங்கிய விலை என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இது இங்கே மாத்திரம் உள்ள சங்கதியல்ல. அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையிலேயே இண்டர்ன்களுக்கு 2022-ல்தான் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்நாட்டில் ஒரு சினிமாக் கம்பெனியில் சம்பளமின்றி வேலை செய்த இண்டர்ன்கள் வழக்குப் போட்டு, 2013-ல் அவர்கள் வேலையாட்களே என்று தீர்ப்புப் பெற்றார்கள். 2015-ல் மேல் கோர்ட்டு அத்தீர்ப்பை ஒதுக்கிவிட்டு, இந்த ஏற்பாட்டில் முக்கிய லாபம் யாருக்கு என்று பார்க்க வேண்டும் என்றது. கேள்வி சரியான கேள்விதான். நம் நாட்டில் அதைக் கேட்பார்தான் இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கின்றது. 1961-ல் பழகுநர் சட்டம் செய்யப்பட்டது. 1973-ல் பட்டதாரிகளும் டிப்ளமாக்காரர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். 2019-ல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் ஸ்தாபனம் தன் ஆட்களில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து பேர் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும் என்று ஏற்பட்டது. ஆகவே "பழகுநர்" என்று பெயர் வைத்தால் ஒப்பந்தம் உண்டு, பதிவு உண்டு, குறைந்தபட்சத் தொகை உண்டு. அதே பிள்ளையை, அதே மேஜையில் உட்காரவைத்து, "இண்டர்ன்" என்று பெயர் வைத்துவிட்டால் இவற்றில் ஒன்றும் கட்டாயமில்லை! பெயரை மாற்றினால் சாமியாகிவிடுகின்ற கல்லைத்தான் நாம் பார்த்திருக்கின்றோம். பெயரை மாற்றினால் கூலி மறைந்துவிடுகின்ற வித்தையை இப்போது பார்க்கின்றோம்.

இந்திய சர்க்கார் 2024-ல் தொடங்கிய பிரதம மந்திரி இண்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்றும், தொடக்கத்தில் ஒருமுறை 6,000 ரூபாய் என்றும் வைத்தார்கள். அந்த 5,000-ல் கம்பெனி பங்கு 500, சர்க்கார் பங்கு 4,500. வேலை வாங்குகிற கம்பெனிகளோ நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகள். ஒன்றும் இல்லாததற்கு இது மேல் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் வேலையை முதலாளி வாங்கிக்கொண்டு, பெரும் பங்குக் கூலியை ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து கொடுப்பது என்ன நியாயம்?

இன்னொரு அபாயம்

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா! கைத்தொழில்தான் உயர்ந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஆகவே அவனவன் பிள்ளை அவனவன் தொழிலைக் கற்கட்டும்" என்று சொல்லச் சிலர் காத்திருப்பார்கள். அந்தப் புரட்டு நமக்குப் புதிதல்ல. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை ஆரம்பப் பள்ளிகளில் ஒரு வேளை படிப்பு, மற்ற வேளையில் பிள்ளை தன் பெற்றோர் தொழிலைக் கற்பது என்று திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வித் திட்டம் என்று ஜனங்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். கிளர்ச்சி எழுந்தது, 1954-ல் காமராஜர் வந்து அதை எடுத்துவிட்டார்.

அந்தத் திட்டத்திற்கும் அனுபவக் கல்விக்கும் உள்ள வித்தியாசத்தை நன்றாய் மனதில் வைக்க வேண்டும். பிள்ளை தானாய்த் தேர்ந்த தொழிலைப் புத்தகத்தோடு சேர்த்துக் கற்பது கல்வி. பிறப்பு தேர்ந்துவைத்த தொழிலைப் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டுக் கற்பது அடிமைத்தனம். அனுபவம் என்பதெல்லாம் கல்வியாகிவிடாது என்று அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1938-ல் எழுதிய "அனுபவமும் கல்வியும்" என்ற நூலில் எச்சரித்தார். மேற்கொண்டு வளரவொட்டாமல் தடுக்கின்ற அனுபவமும் உண்டு என்பது அவர் கருத்து. அந்த டூயியிடம் கொலம்பியா சர்வகலாசாலையில் பாடம் கேட்டவர் அம்பேத்கர் அவர்கள் என்பதை இங்கு நினைவூட்டுகின்றோம்.

என் அனுபவத்தையே சொல்லுகின்றேன். பட்டறையில் பித்தளையைக் கடைய டூலை ஒரு மாதிரியும், இரும்பைக் கடைய வேறு மாதிரியும் தீட்ட வேண்டும் என்று மேஸ்திரி கற்றுக்கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. கூரான சரிவோடு தீட்டிய டூல் பித்தளையில் தானாய் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் சரிவில்லாமல் தீட்டுகிறார்கள் என்பதை நூலகத்தில் ஒரு ஐ.டி.ஐ. புத்தகத்தில் படித்தறிய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. குட்டு வாங்கியதும் அனுபவந்தான். ஆனால் அது கல்வியல்ல. அதே பட்டறைக்கு ஒரு நாள் "இன்பிளான்ட் டிரெயினிங்" என்று கலாசாலைப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். பத்து நிமிஷம் வாசலில் வரிசையாய் நின்றார்கள். ஒரு பையன் மாத்திரம் ஆசையாய் லேத்தின் பக்கம் கையை நீட்டினான். "தொடாதே, சட்டை அழுக்காகும்" என்றார் கூட வந்த ஆசிரியர். எனக்குக் கிடைத்த குட்டும், அவனுக்குக் கிடைத்த அந்த வார்த்தையும் ஒரே மரத்துக் காய்கள்தான்.

ஆட்சேபங்கள்

"படிக்கிற பிள்ளை கம்பெனிக்குத் தொந்தரவுதானே, கற்றுக்கொடுக்கிற அவர்கள் சம்பளம் வேறு கொடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். தொந்தரவானால் ஏன் எடுக்கிறார்கள்? எடுத்து ஆறு மாதம் வைத்துக்கொண்டு, முழு ஆள் செய்யும் வேலையை ஏன் வாங்குகிறார்கள்? வேலை வாங்கினால் கூலி கொடு. வாங்காவிட்டால் அது பயிற்சியே அல்ல என்று எழுதிக்கொடு.

"இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு இடம் எங்கே?" என்று கேட்கிறார்கள். கண்ணாடிக் கட்டடத்தில் மாத்திரம் தேடினால் இடம் கிடைக்காதுதான். காயில் கட்டும் கடை, லேத் பட்டறை, நெல் அரைக்கும் மில், கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து ஆபீஸ், மின்வாரிய சப்-ஸ்டேஷன், சர்க்கார் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவு ஆகிய இவைகளெல்லாம் தொழில் நடக்கின்ற இடங்கள் அல்லவா? துண்டுச் சீட்டுக்காரனிடம் கற்பது கேவலம் என்கின்ற எண்ணம் போனால் இடம் தானாய்த் தெரியும்.

"பிள்ளைகளே காசு கொடுத்து வாங்குகிறார்களே, நாங்கள் என்ன செய்வது?" என்று கலாசாலையார் கேட்கிறார்கள். நீங்கள் காகிதத்தைக் கேட்டீர்கள். அவர்கள் காகிதத்தைக் கொடுத்தார்கள். வேலையைக் கேட்டுப் பாருங்கள்!

செய்ய வேண்டியது

ஆகவே நாம் கேட்பவை இவைகளே. முதலாவது, பிள்ளைக்கு இடம் தேடிக்கொடுக்கும் பொறுப்பு கலாசாலையினுடையதாக இருக்க வேண்டும். பீசு வாங்குகிறவர்களுக்கு அது பெரிய பாரமல்ல. இரண்டாவது, இடங்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். சிபாரிசுக்கு இடம் இருக்கக் கூடாது. மூன்றாவது, வேலை வாங்குகிற எவரும், பெயர் எதுவானாலும், பழகுநர் சட்டப்படியுள்ள தொகைக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தங்க ஹாஸ்டல் வேண்டும். நான்காவது, சிறு கடைக்காரர்களுக்கு அந்தத் தொகையில் ஒரு பகுதியைச் சர்க்கார் கொடுக்கட்டும். பெரிய கம்பெனிகள் தாங்களே கொடுக்கட்டும். ஐந்தாவது, ஆசிரியர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அத்தாட்சிக்கு மார்க்கு கொடுக்காமல், "என்ன செய்தாய், எங்கே தப்பு செய்தாய், ஏன் அப்படி ஆயிற்று" என்று பிள்ளையைக் கேட்டு மார்க்கு கொடுக்க வேண்டும். காசுக்கு வாங்கிய அத்தாட்சி அந்த மூன்றாவது கேள்வியில் செத்துப்போகும்.

மாணவத் தோழர்களே! 1,500 ரூபாயில் சுலபமாய் முடிகின்றதே என்று எண்ணாதீர்கள். அந்தக் காகிதம் உங்களுக்கு வேலை கொடுக்கப்போவதில்லை. கேள்வி கேட்கிறவன் முன்னால் உங்களை ஊமையாக்கப் போகின்றது. பெற்றோர்களே! கலாசாலையில் கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்து ஏமாறாமல், "எங்கள் பிள்ளை எந்த வேலையைத் தொடப்போகின்றது, யார் கற்றுக்கொடுக்கப் போகின்றார்கள், கூலி உண்டா?" என்று சேர்க்கும் அன்றே கேளுங்கள். பதில் சொல்லாத இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

என் தமக்கை மகள் வாங்கிய இரண்டு காகிதங்களும் இன்றும் அவள் பெட்டியில் இருக்கின்றன. சீல் வைத்ததை எடுத்து அவள் யாருக்கும் காட்டுவதில்லை. பில் தாளில் கடைக்காரர் எழுதிக்கொடுத்ததைத்தான் மடிப்புக் கிழியாமல் வைத்திருக்கின்றாள். எது கல்வி என்பது அவளுக்குத் தெரிந்திருக்கின்றது. கலாசாலைக்குத் தெரிய வேண்டியதுதான் பாக்கி.